கருந்துளைக்கு ஓர் எலாஸ்டிக்

பி.எஸ்சி. கடைசி வருடம் இயற்பியல் புராஜெக்டுக்குத் தலைப்புக் கேட்டபோது நான் கருந்துளை என்று எழுதிக் கொடுத்தேன். அதோடு நிற்கவில்லை. நல்லூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகள் முழுக்க அதைச் சொல்லியும் முடித்திருந்தேன். அது எங்கே இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டதற்கு, மேலே கையைக் காட்டினேன். எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

எங்கள் மேடம் தாளைப் பார்த்துவிட்டு, எதை வைத்து அளப்பாய் என்று மட்டும் கேட்டார். எங்கள் லேபில் இருந்ததிலேயே பெரிய கருவி மர ஸ்கேல். வெள்ளிக்கிழமைக்குள் வேறு தலைப்புத் தராவிட்டால் தனி ஊசல்தான் என்றார். பள்ளிக்கூடத்தில் ஆட்டிய அதே குண்டை மறுபடி ஆட்டினால் லைன் வீட்டில் என் மானம் என்ன ஆவது?

அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். புதுத் தலைப்புக்காக, அவள் கொண்டுவந்த ஜட்டி எலாஸ்டிக் துண்டில் எடைக்கற்களைத் தொங்கவிட்டு, எடைக்கு ஏற்றபடி நீள்கிறதா என்று பார்த்தேன். ஏற்றும்போது ஓரளவு நேர்கோடு வந்தது. இறக்கும்போது எடுத்த அளவு ஒன்றுகூட அந்தக் கோட்டில் உட்காரவில்லை. லீவு நாளெல்லாம் அம்மாவோடு செக்கிங் டேபிளில் நின்றவள் நான். ஓட்டை விழுந்த பனியனை செகண்ட்ஸ் என்று ஒதுக்குகிற மாதிரி அவற்றை ஒதுக்கிவிட்டு, நேர்கோட்டை மட்டும் வரைந்து எடுத்துப் போனேன்.

எடையை இறக்கும்போது அளக்கவே இல்லையா என்று கேட்டார் மேடம்.

"அதெல்லாம் செகண்ட்ஸுங்க மேடம். ஒதுக்கிட்டேனுங்க."

அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு, "அந்த செகண்ட்ஸ்தாம்மா உன் தலைப்பு. எடையை எடுத்த பிறகும் அது ஏன் பழைய நீளத்துக்கு வரல?" என்றார். எனக்கு வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்தே வந்தன. அந்தப் படிப்பில் சேர்ந்ததிலிருந்து எனக்கே பதில் வேண்டும் என்று தோன்றிய முதல் கேள்வி அதுதான்.

சாயங்காலம் ஜன்னல் கம்பியில் எலாஸ்டிக்கைக் கட்டி, கற்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா நின்று பார்த்தார்.

"ஏங்கண்ணு, கருந்துளைக்கு எதுக்கு ஜட்டி எலாஸ்டிக்கு?"

தலைப்பு மாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"கீழ வுழுகாம இருக்கறதுக்குங்க்கா."

அவர் கவலையோடு ஒருமுறை மேலே பார்த்தார். உள்ளே போய், இதைவிட அகலமான எலாஸ்டிக் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.