வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்

ஜவ்வாது மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு வனத்துறை சோதனைச் சாவடி. அங்கே ராஜவேலு இருபத்தேழு வருடம் கார்டு வேலை பார்த்தார். பார்த்தார் என்று சொல்வதே அதிகம். ஒரு நுனியில் கல்லும் மறுநுனியில் கயிறும் கட்டிய மூங்கில் கம்பு சாலைக்குக் குறுக்கே கிடக்கும். மலையிலிருந்து புளி மூட்டை ஏற்றிய லாரி வந்தால், உள்ளே சந்தனக்கட்டை இருக்கிறதா என்று இரும்புக் கம்பியால் குத்திப் பார்ப்பார். மூட்டைக்கு மூன்று குத்து. நான்காவது குத்தை நான் கண்டதில்லை. ஒரு கட்டையும் அகப்பட்டதில்லை. பிறகு கயிற்றை அவிழ்ப்பார், கம்பு மேலே போகும்.

நானும் அங்கே கார்டுதான், அவருக்குப் பத்து வருடம் பின்னால் வந்தவன். இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. மூங்கிலை எடுத்துவிட்டு இரும்புக் குழாய் போட்டபோது மனுஷனுக்கு இரண்டு நாள் காய்ச்சல். புதுக் காக்கி கொடுத்தால் பெட்டியில் பூட்டிவிட்டுப் பழையதை ஒட்டுப் போட்டு உடுத்துவார். "இது ஒடம்புக்குப் பழகிப்போச்சு" என்பார்.

இவருக்கு ஃபாரஸ்டர் பதவி உயர்வு மூன்று முறை வந்தது. வேண்டாமென்றால் பதினைந்து நாளுக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 1972இல் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்து எழுதிக் கொடுத்தார். வாத்தியார் மாற்றலாகிப் போனதும், 76இல் நான்காம் வகுப்புப் படித்த சொந்த மகளை உட்கார வைத்து எழுதி வாங்கினார். நீலாவதிக்கு அச்சுப் போன்ற கையெழுத்து. 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று அர்த்தம் தெரியாமல் அழகாக எழுதினாள். இவர் தானே எழுதலாம்தான். ஆனால் எப்போதோ ஒரு ரேஞ்சர் இவர் எழுத்தைப் பார்த்து, கோழி கிளறினது போல இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து கையெழுத்துப் போடுவதைத் தவிர எதையும் எழுதப் பயம்.

மூன்றாவது உத்தரவு 1980இல் வந்தது. கணியம்பாடிப் பக்கம் வேலை. நீலாவதி அப்போது எட்டாவது முடித்திருந்தாள். எங்கள் பக்கம் பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. கணியம்பாடிக்குப் போனால் ஒன்பதாவது படிக்கலாம், போகாவிட்டால் கிடையாது. விஷயம் அவ்வளவுதான்.

ராஜவேலுவின் மனைவி சகுந்தலா என்னிடம் வந்தாள்.

"நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்கண்ணே. கொழந்த அழுதுனே கீறா."

"சொல்றம்மா" என்றேன்.

சொல்லவும் செய்தேன். ராஜவேலு கம்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அங்க இன்னா வேலன்னு தெரியாது. ஆளுங்க எப்டியோ. தண்ணி ஒத்துக்குமோ இன்னாவோ." ஐம்பதை நெருங்கும் ஆள், வேலூர்ப் பக்கத்துத் தண்ணீருக்குப் பயப்படுகிறார். எனக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது.

பதின்மூன்றாம் நாள் மகளிடம் பேப்பரை நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நா எழுத மாட்டேன் நயினா. என் படிப்ப என் கையாலயே நிறுத்தச் சொல்றியா?"

அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. அதற்கும் தைரியம் வேண்டுமே. பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு நேராகச் சாவடிக்கு வந்தார்.

"கோவிந்தா, நீ எழுதிக் குடேன்."

ஒன்றும் செய்யாமல் நான் பேசாமல் இருந்திருந்தால் போதும். இரண்டு நாள் கழிந்தால் அவர் போய்த்தான் ஆக வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் தெரியும். எட்டு வருடமாக ராத்திரி முறை முழுக்க அவர்தான் பார்த்தார். மாற்றிக் கேட்கவும் பயம் அவருக்கு. நான் வீட்டில் கால் நீட்டித் தூங்கினேன். புதிதாக வருகிறவன் எப்படிப்பட்டவனோ. ராத்திரியைச் சரிபாதி பங்கு போடச் சொல்வானோ என்னவோ.

எழுதிக் கொடுத்தேன். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக.' ராஜவேலு கையெழுத்துப் போட்டார். அவர் முகத்தில் அன்று வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுவாரம் சகுந்தலா எனக்குக் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்தாள். கூடவே நீலாவதியும் வந்தாள், புளியங்கொட்டை எடுக்கும் வேலைக்குப் போகிற வழியில்.

"சொல்லிப் பாத்தீங்களாண்ணே?"

"சொன்னேம்மா. அவரு கேக்கல."

"அவர பத்தி தெரியாதா. நீங்க இன்னா பண்ணுவீங்க" என்று சொம்பை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.

சகுந்தலா சொம்பை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். நீலாவதி மட்டும் போகவில்லை. "நயினாவுக்கு யாரு மாமா எழுதிக் குடுத்தது?" என்று கேட்டாள்.

நான் எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்துக் கம்பைத் தூக்கினேன். வண்டி எதுவும் வரவில்லை.