பத்தொன்பதாவது கேள்விக்கு நான் எழுதிய பதில்

அந்தப் படிவத்தில் முப்பத்தொரு கேள்விகள். பத்தொன்பதாவது: ‘உடலில் கருத்த பொருக்கு உண்டா? ஆம் / இல்லை.’ மூன்றாவது பதிலுக்கு இடமில்லை. காலிக் கட்டம் இருந்தால் கணினி படிவத்தை ஏற்காதபடி செய்ததும் நான்தான். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

மதுரையில் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு காலத்தில் பலரும் மறந்துபோயிருந்த உண்ணிக்காய்ச்சல் இப்போது மழைக்காலம்தோறும் திரும்பி வருகிறது, அதைத்தான் ஆராய்கிறோம். புல்லிலும் புதரிலும் இருக்கும் பொடி உண்ணி கடித்த இடம், சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்துப் பொருக்குத் தட்டும். வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழே என்று மடிப்புகளில் ஒளிந்திருக்கும். தேடினால்தான் கிடைக்கும். கிடைத்துவிட்டால் ரத்த முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கிற மாத்திரையை அன்றே தொடங்கிவிடலாம்.

கார்த்திகையில் பேரையூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். அன்றைய பட்டியலில் கடைசி வீடு. ஆட்டுக்குப் புல்லறுக்கப் போகிற ஓர் அக்கா நான்கு நாள் காய்ச்சலோடு சுவரில் சாய்ந்திருந்தார். ஒற்றை அறை. வாசலில் அவருடைய மாமனாரும், வேடிக்கை பார்க்க வந்த இரண்டு மூன்று பேரும்.

ரத்தம் எடுத்துவிட்டு, “அக்கா, ரவிக்கையக் கொஞ்சம் தளத்துனா பாத்துருவேன்” என்று மெல்லச் சொன்னேன்.

“ஆத்தீ! நீ ரத்தம் எடுக்க வந்தியா, என்னையப் பொண்ணு பாக்க வந்தியா?” அந்தக் காய்ச்சலிலும் சிரித்தார். “வெளிய மாமா உக்காந்திருக்காக தாயி. அங்கிட்டெல்லாம் ஒண்ணும் இல்ல. இருந்தா எனக்குத் தெரியாதா?”

வலிக்காதது தெரியாது என்பது எனக்குத் தெரியும். மறைத்துப் பிடிக்க ஒரு போர்வை என் பையிலேயே இருந்தது. அதற்குள் வண்டி ஓட்டும் அண்ணன் வெளியிலிருந்து குரல் கொடுத்தார்: “தங்கச்சி, ரத்தப் பெட்டியில ஐஸு உருகுது! இன்னும் எம்புட்டு நேரம்?”

‘இல்லை’ என்று எழுதினேன். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போனால் காட்டுங்கள் என்று வழக்கம்போல் படிவத்தின் நகலையும் கொடுத்தேன்.

எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு ரத்தத்தையும் தனித்தனியே பரிசோதிப்பதில்லை. போதுமான அளவு சேர்ந்த பிறகு மொத்தமாகச் செய்வோம். ஆறாம் நாள் முடிவு வந்தது. உண்ணிக்காய்ச்சல்தான். உடனே அழைத்தேன். அவருடைய கணவர் எடுத்தார். மதுரையில் ஒரு மருத்துவமனையில் இருப்பதாகச் சொன்னார். “மூச்சு விட முடியல மேடம். மெஷின்ல வச்சிருக்காக.” உடை மாற்றும்போது செவிலியர் ஒருவர் இடது மார்புக்குக் கீழே அந்தப் பொருக்கைப் பார்த்திருக்கிறார்.

பிழைத்துக்கொண்டார். பொது வார்டுக்கு மாற்றிய பிறகுதான் பார்க்கப் போனேன். அதற்கு முன்னால் போகாததற்கு நான்கு காரணங்கள் வைத்திருந்தேன். நான்கும் பொய்.

கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னைக் கண்டதும், “நீ அன்னைக்கே கேட்ட தாயி. நாந்தேன் மாட்டேன்னுட்டேன்” என்றார்.

“வெக்கமாம் வெக்கம்!” என்றார் கணவர். “உசுரு போனப்பறம் வெக்கத்த வச்சு என்னடி செய்வ?” அவர் அதை முதல் தடவையாகச் சொல்லவில்லை என்பது பக்கத்துக் கட்டில்காரம்மா தலையாட்டிய விதத்தில் தெரிந்தது. அக்கா போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார்.

அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை.

“அக்காவத் திட்டாதீங்கண்ணே” என்றேன். “பாக்கலைன்னு ஓரத்துலயாவது நான் எழுதியிருக்கணும். பாத்த மாதிரி, இல்லைன்னு எழுதிட்டேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே தாயி” என்றது போர்வைக்குள்ளிருந்து குரல்.

கணவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. “மறுநா ஆஸ்பத்திரியில அந்தத் தாளத்தேன் காட்டுனேன். டாக்டரு அதப் பாத்துட்டு, இது சும்மா காய்ச்சல்னு மாத்திர குடுத்து அனுப்பிட்டாரு. நாங்க அதக் காட்டாம இருந்திருந்தா?”

“டாக்டரே தேடிப் பாத்திருப்பாருண்ணே.”

அவர் என்னைத் திட்டவில்லை. கட்டிலைச் சுற்றிவந்து, மனைவியின் முகத்திலிருந்து போர்வையை மெதுவாக விலக்கி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். நான் நிற்பதை அதன் பிறகு இருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.