சர்வர் எந்திரிக்க மாட்டேங்குது

டேட்டாபேஸ் சர்வர் பார்க்கிறவளுக்கு ஒரு விதி உண்டு: எல்லாம் நன்றாக ஓடுகிற நாளில் அவள் உயிரோடு இருக்கிறாளா என்றுகூட ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், ஓடாத நாளில் அவள் பல் விளக்குவதற்குள் பதினோரு மிஸ்டு கால் வந்திருக்கும். இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கடையில் நாலு கம்ப்யூட்டர் இருந்தாலும் பெயர், சரக்கு, சீட்டு எல்லாம் ஒரே பெட்டியில்தான் உட்கார்ந்திருக்கும். அந்தப் பெட்டிதான் சர்வர். காலையில் அது எந்திரிக்கவில்லை என்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள். எந்திரித்துவிட்டு, 'நீ யார்' என்று கேட்டு உள்ளே விடவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

நான் ப்ளஸ் டூவில் கணக்கில் ஃபெயில். மறுதேர்விலும் ஃபெயில். மறைக்க ஒன்றுமில்லை. திண்டுக்கல்லில் ஜெரால்டு சார் நடத்துகிற சர்வீஸ் கடையில் சேர்ந்தேன். மூன்று மாதம் பார்ப்பேன், அதற்குள் உன் பெயரில் ஒரு கம்ப்ளைண்ட் வந்தாலும் வீட்டுக்குப் போய்விடலாம் என்று சேர்ந்த அன்றே சார் சொல்லிவிட்டார். அப்பா அதற்கும் மேலே. வேலை போனால் மறுநாளே டுடோரியலில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார வேண்டுமாம். அந்த டுடோரியலில் ஃபேன் கிடையாது. கணக்கு உண்டு. ஆகவே அந்த மூன்று மாதமும் நான் எவ்வளவு பவ்வியமாக நடந்திருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கிழித்த தாள்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். காலை ஏழரைக்கு வெறும் வயிற்றோடு பதினைந்து பேர் பெஞ்சில் இருக்கிறார்கள். சர்வர் ஓடுகிறது, ஆனால் பாஸ்வேர்டு தப்பு என்கிறது. முந்தின நாள்தான் சார் போய்ப் புது பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்திருந்தார். சாரைப் பிடிக்கலாம் என்றால் அவர் சர்ச்சில் காலைப் பூசையில், போனை எடுக்கவில்லை. எங்கே எழுதி வைத்தீர்கள் என்று ஓனரிடம் கேட்டேன். சுவரைக் காட்டினார். தினசரி காலண்டர். நேற்றைய தாளில் எழுதியவர், இன்று கடை திறந்ததும் வழக்கம்போல அவரே அதைக் கிழித்திருக்கிறார். தாள் கிழிக்காமல் அவருக்கு நாளே தொடங்காதாம்.

சரி, கிழித்த தாள் எங்கே? அதில் விபூதி மடித்து, பெஞ்சில் இருந்த யாருக்கோ கொடுத்துவிட்டார். யாருக்கு என்று ஞாபகம் இல்லை. பசியில் இருக்கிற பதினைந்து பேரிடமும் சட்டைப் பையைக் காட்டச் சொல்லி நான் வரிசையாகப் போனேன். இரண்டு பேர் வைதார்கள். ஒன்பதாவது ஆளிடம் இருந்தது. கீபோர்டு முழுக்க விபூதி கொட்டி ஒரு வழியாக உள்ளே போனோம். ஓனருக்கு உண்மையிலேயே வருத்தம்தான். என்னிடம் வந்து சத்தியம் செய்கிற குரலில் சொன்னார்:

"இனிமே அட்டையில எழுதிப்புடுறேம்மா. அது வருசம் பூராம் தொங்கும், வாரவன் போறவன் எல்லாத்துக்கும் தெரியும்."

மாப்பிள்ளை வீட்டு வீடியோ

செம்பட்டி உரக்கடையில் சர்வரே எந்திரிக்கவில்லை. ஸ்டார்ட் கொடுத்தால் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறது. எந்திரிக்கும்போது எழுதிப் பார்க்க அதற்குக் கொஞ்சம் காலி இடம் வேண்டும். பார்த்தால் ஊசி நுழைய இடமில்லை. ஓனர் மகளின் கல்யாண வீடியோ அடைத்துக்கொண்டிருக்கிறது. பெண் வீட்டுக் கேமராமேன் எடுத்தது ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக் கேமராமேன் எடுத்தது ஒன்று. ஏன் இதில் போட்டீர்கள் என்றேன். இதைத்தான் யாரும் தொடக்கூடாது என்று உங்கள் சார் சொன்னார், அதனால் பத்திரமாக இருக்கும் என்று போட்டேன் என்றார்.

எதையாவது வெளியே எடுத்தால்தான் நடக்கும் என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். 'டேட்டா' என்று பெயர் போட்ட ஃபோல்டரில் வந்து நின்று, இதை ஒருத்தரும் திறந்து பார்த்ததே இல்லை, இதை எடுத்துவிடலாம் என்றார். மொத்தக் கடையும் அதற்குள்தான் இருக்கிறது. மவுஸை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். ஒரு வீடியோவை மட்டும் தனி டிஸ்கில் ஏற்றிக் கொடுக்கிறேன், எதை என்று சொல்லுங்கள் என்றேன். வெளியே யூரியாவுக்கு ஆட்கள் நிற்கிறார்கள். இவர் செத்த நேரம் தாடையைத் தடவினார், வீட்டுக்குப் போன் போட்டு மெதுவாகப் பேசினார், பிறகு என் பக்கம் குனிந்தார்:

"மாப்பிள்ள வீட்டு வீடியோவத் தூக்கிரு பாப்பா. அதுல நம்ம ஆளுக பூராம் முதுகுதேன் தெரியுது."

பதினொன்றரை மணி

சிறுமலை போகிற ரோட்டில் ஒரு மெஸ். அங்கே தினமும் பதினொன்றரைக்கு சர்வர் படுத்துவிடும். திடீரென்று விழுந்த டேட்டாபேஸ் எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டு எந்திரிக்க அரை மணி நேரம் ஆகும். அதற்குள் சாப்பிட வந்தவர்கள் கையைக் கழுவிவிட்டு பில்லுக்கு நிற்பார்கள். வைரஸ் என்றார் ஓனர். சூடு என்றார் ஜெரால்டு சார். நான் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்தேன். சரியாகப் பதினொன்றரைக்கு சமையல்கார அக்கா வந்தார், சர்வர் பிளக்கைப் பிடுங்கினார், மிக்ஸியைச் செருகினார், சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற வெஞ்சனத்துக்குத் தேங்காய் அரைத்தார், மறுபடி சர்வர் பிளக்கைப் பொறுப்பாகச் செருகிவிட்டு நடந்தார். நான் திறந்த வாயை மூடுவதற்குள் அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"ரெண்டே நிமிசந்தேன் அரைக்கிறேன். அதுக்குள்ள இதுக்கு என்னா கோவம்?"

அஞ்சு தடவை

அடுத்து சார் என்னை நான் படித்த ஸ்கூலுக்கே அனுப்பினார். மார்க் ஏற்றுகிற சர்வரில் ஒரு டீச்சரால் நுழைய முடியவில்லையாம். போனால் உட்கார்ந்திருப்பது என் கணக்கு மிஸ். ஐந்து தடவை தப்பாகப் போட்டால் சர்வர் பூட்டிக்கொள்ளும். மிஸ் ஒரே பாஸ்வேர்டை ஐந்து தடவையும், ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட ஓங்கி அடித்திருக்கிறார். அது போன வருடத்துப் பாஸ்வேர்டு.

பூட்டை எடுக்க இரண்டு நிமிடம்தான். எடுத்துவிட்டுப் பேசாமல் வந்திருக்கலாம். ஆனால் இப்படி ஒரு நாள் எனக்கு இன்னொரு முறை வருமா? ஒரே தப்பை ஐந்து தடவை செய்தால் விடை மாறாது மிஸ், சர்வர் ஸ்டெப்புக்கெல்லாம் மார்க் போடாது என்று, அவர் எனக்குச் சொன்ன அதே குரலில் சொல்லிவிட்டேன். கம்ப்ளைண்ட் என்ற ஒன்று இருப்பது அதற்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சர்வீஸ் தாளில் 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்:

"வாய்க்கு ஒரு பேப்பர் வச்சிருந்தா நீ சென்டம்டி."

முகூர்த்தத்துக்கு முந்தின நாள்

நிலக்கோட்டையில் ராஜாத்தி அக்காவின் பூ கமிஷன் கடை. விவசாயி கொண்டுவருகிற மல்லிகையை எடை போட்டு, சர்வரில் ஏற்றி, சீட்டு அடித்த பிறகுதான் மூட்டை வேனுக்கு நகரும். அந்தக் கடையில் சர்வரை அணைக்கவே மாட்டார்கள். ஓடுவதை ஏன் நிறுத்த வேண்டும் என்பது அக்காவின் கட்சி. மாதாந்திர மின்தடை அன்றைக்குத்தான் அதற்கு ஓய்வு.

என் மூன்று மாதம் முடிய இரண்டே நாள். காலையில் போன்: சர்வர் எந்திரிக்க மாட்டேங்குது. நான் போனபோது தராசுக்கு முன்னால் பூ மூட்டை குவிந்து கிடந்தது. வெயில் ஏறினால் மொட்டு விரிந்துவிடும், விரிந்த பூவை யாரும் சீந்த மாட்டார்கள். அக்கா உச்சக் குரலில் இருந்தார். இரண்டு வாரத்துக்கு முன் சண்டை போட்டு நின்றுபோன கிளார்க் மாரிதான் ஏதோ கையை வைத்துவிட்டானாம், அவன் மேல் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கப் போகிறாராம்.

சர்வர் எழுதி வைத்திருந்த குறிப்பைத் திறந்தேன். பாஸ்வேர்டு தப்பு, அதனால் எழும்ப முடியவில்லை என்று இருந்தது. மாரி நின்ற மறுநாள், அவன் இனி உள்ளே நுழையக் கூடாது என்று கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தது நான்தான். டேட்டாபேஸும் அதே பாஸ்வேர்டைச் சொல்லித்தான் எழும்பும். அதனால் அங்கேயும் புதியதைப் போட வேண்டும். நான் போடவில்லை. ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அதையும் செய்யவில்லை. பெட்டி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நேற்று மின்தடையில் படுத்தது. இன்று எழும்பப் பார்த்து, பழைய பாஸ்வேர்டையே சொல்லிச் சொல்லி உதை வாங்குகிறது.

புதியதைப் போட்டேன். ஒரு நிமிடத்தில் எந்திரித்துவிட்டது. சீட்டு அடிக்கத் தொடங்கினார்கள். கரண்ட் கோளாறு என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறலாம், ஒரு மனுஷருக்கும் தெரியாது. பையைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் அக்கா பக்கத்துக் கடையில் மாரியின் அப்பா பெயரை விசாரித்துக்கொண்டிருந்தார், ஸ்டேஷனில் கேட்பார்களாம். "அக்கா, மாரி இல்ல. நாந்தேன்" என்றேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். சாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். என்னை வைதார், சாரை வைதார், நடுவில் கரண்ட் ஆபீசையும் ஒரு பிடி பிடித்தார். அதே மூச்சில், உங்கள் கடையிலிருந்து வந்த எவனும் இதுவரை தன் தப்பைச் சொன்னதில்லை, இனிமேல் இந்தப் புள்ளையவே அனுப்புங்கள் என்றார். இது கம்ப்ளைண்ட்டா இல்லையா என்று எனக்கே புரியவில்லை. வேன் கிளம்புகிற சத்தத்துக்கு நடுவே சார் குரல் வந்தது:

"கம்ப்ளைண்ட் கம்ப்ளைண்ட்தேன். வீட்டுக்குப் போக வேணாம். இன்னைக்குலருந்து மறுபடி மூணு மாசம்."

ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் உள்ளே விடுவதுதான் என் வேலை, என்னைத்தான் இன்னும் ஒருத்தரும் உள்ளே விட்ட பாடில்லை.