வௌவால் விமானம்

என் அண்ணன் ஸ்டிக்கர் கடைக்காரர். வண்டிக் கண்ணாடிக்கும் நம்பர் பிளேட்டுக்கும் எழுத்து வெட்டி ஒட்டுகிற தொழில். தெருவில் அவருக்குப் பெயர் பிளேடு. கையில் எப்போதும் பிளேடு இருப்பதால்தான் அந்தப் பெயர் என்று அவர் நம்புகிறார். அவரிடம் கொஞ்ச நேரம் மாட்டியவர்களுக்கு உண்மைக் காரணம் தெரியும். பேச்சில் பாதி தன் பெருமைதான். மகன் நல்ல மார்க் வாங்கினால் "என் வளர்ப்பு" என்பார். அண்ணியின் சமையல் ருசித்தால் "காய் பாத்து வாங்கினது யாரு?" என்பார்.

அந்த மகன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி முழ நீளத்துக்கு ஒரு விமானம் செய்தான். வெள்ளை வெளேரென்று இருந்த அதற்காகச் சொந்தமாக ஒரு விமானக் கம்பெனியையே கற்பனை செய்து வைத்திருந்தான். கம்பெனியின் சின்னம் வௌவால். ராத்திரியில் மட்டும் பறக்குமாம். வாலில் வௌவால் ஒட்ட அப்பாவிடம் ஒரு துண்டு கறுப்பு ஸ்டிக்கர் கேட்டான். "கடைச் சாமான் உனக்கு விளையாட்டுச் சாமானா?" என்று அண்ணன் எரிந்து விழுந்தார். விமானம் மொட்டையாகவே அலமாரி மேல் ஏறியது. அதற்குப் பிறகு எதற்கெடுத்தாலும் இருவரும் கீரியும் பாம்பும்தான். வேலை கிடைத்ததும் அவன் வெளியூர் போய்விட்டான். அம்மாவோடு மட்டும் போனில் பேசுவான். அப்பா எடுத்தால் வைத்துவிடுவான்.

போன மாதம் அண்ணிக்குக் கண் ஆபரேஷன். ஒரு வாரம் வந்து இருக்கிறேன் என்றான் மகன். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "இந்தத் தடவை அவன என்கிட்ட பேச வச்சுடுறேன் பாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு விமானத்தை இறக்கித் தூசி துடைத்தார்.

கடை ஸ்டிக்கர் அதற்குத் தடிமன் அதிகம். வளைவில் படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் தண்ணீரில் நனைத்து, நழுவவிட்டு ஒட்டுகிற மெல்லிய தாள் வாங்கி, வீட்டு பிரிண்டரில் வௌவாலையும் ஜன்னல் வரிசையையும் அச்சடித்தார். நனைத்ததும் வௌவால் கரைந்து கிண்ணத்தில் மையாக ஓடியது. அச்சடித்த தாளின் மேல் வார்னிஷ் அடித்துக் காயவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. யாரையும் கேட்கக் கர்வம் விடவில்லை. தாளைத் திட்டினார், பிரிண்டரைத் திட்டினார், கடைசியில் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார். மறுபடி அச்சடித்து, வார்னிஷ் அடித்து, ஓரம் ஒட்ட வெட்டி, ஈரத் தூரிகையால் நகர்த்தி, பஞ்சால் நீரை ஒற்றி எடுத்தார். மேலே இன்னொரு பூச்சு வார்னிஷ். வாலில் வௌவால் கையால் வரைந்தது போல் உட்கார்ந்தது. சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு அழகு.

மகன் வந்தான். அம்மாவின் கண் கட்டைப் பார்த்தான், மருந்து விசாரித்தான். அண்ணன் விமானத்தைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தார்.

"என் வௌவாலா?" அவன் முகம் இளகிவிட்டது. "எப்படிப்பா ஞாபகம் வச்சிருந்தீங்க?"

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவன் ஜன்னல்களைத் தடவினான், இறக்கையைப் பார்த்தான், திருப்பினான். வயிற்றுப் பக்கம் வந்ததும் விரல் நின்றது.

அங்கே கடுகளவு எழுத்தில் அண்ணனின் கடைப் பெயர். அடியில் போன் நம்பர். யார் வண்டியில் எதை ஒட்டினாலும் ஓரத்தில் தன் கடைப் பெயரைப் போடாமல் ஸ்டிக்கர்காரர் விடமாட்டார். இதிலும் கை தானாகப் போட்டிருக்கிறது.

"இதுலயுமாப்பா?"

"கைப்பழக்கம்டா. அதனால என்ன, நான்தானே செஞ்சேன்?"

"நீங்க ஒட்டினீங்க. செஞ்சது நான். என் பேரு எங்க?"

தப்புதான்டா என்று ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தைதான் இந்த மனுஷனுக்கு வராதே! பாக்கெட்டிலிருந்து பிளேடை எடுத்து, "சுரண்டிட்டா போச்சு" என்று விமானத்தைப் பிடுங்கிச் சுரண்டினார். வார்னிஷ் அசைந்து கொடுக்கவில்லை. கீறல்தான் விழுந்தது.

"விடுங்கப்பா" என்றான். குரலில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒன்றுமே இல்லை. அம்மாவிடம் ஏதோ அவசர வேலை என்று சொல்லிவிட்டு அன்று சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பினான். விமானத்தை எடுத்துப் போகவில்லை.

அவன் தெருவைத் தாண்டியதும் அண்ணன் அதைத் திருப்பி என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பிளேடு வச்சுச் சுரண்டியும் ஒரு எழுத்து போகல பாத்தியா? அதான் என் வேல."

அவர் கண் கலங்கியிருந்தது. வாய் மட்டும் அடங்கவில்லை.