வெந்நீருக்குத் தப்பிய ஸ்வெட்டர்

எங்கள் பம்பு கம்பெனியின் மெக்கானிக் அக்கா மாதத்தில் இருபது நாள் வெளியூரில்தான் இருப்பார். பையில் இரண்டே பருத்திச் சட்டைகள். லாட்ஜ் குழாயடியில் துவைத்தே ஒன்பது வருடமாக அவற்றை நிறம் போகாமல் வைத்திருக்கிறார். மேனேஜர் அவரை "நடமாடும் சலவைக்கடை" என்று கிண்டல் செய்வார்.

போன மாதம் இருவரும் வேலையாகப் போயிருந்த குளிரான ஓர் ஊரில், மாலைக் கூட்டத்துக்குப் போட வைத்திருந்த கம்பளி ஸ்வெட்டரில் மேனேஜர் காலையிலேயே காபியைக் கொட்டிவிட்டார். மாற்று இல்லை. பதறிப்போய் வாளியில் வெந்நீர் பிடித்துவிட்டார்.

"ஐயோ சார், அதுல போட்டா சுருங்கி உங்க பேரனுக்குத்தான் ஆகும்!" அக்கா ஸ்வெட்டரைப் பிடுங்கிக்கொண்டார். "ஆட்டு முடிதானே? ஷாம்பு போதும்."

பச்சைத் தண்ணீரில் மெதுவாக அலசினார். பிழியவில்லை. உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி, அதன்மேல் ஏறி நின்றார். ஈரமெல்லாம் துண்டுக்குப் போனது. பிறகு மேசையில் பரப்பி, மின்விசிறியைப் போட்டுவிட்டார்.

ஐந்து மணிக்கு ஸ்வெட்டர் அளவு மாறாமல் மேனேஜர் உடம்பில் ஏறியது. கூட்டத்தில் வாடிக்கையாளர், "இவங்க யாரு?" என்றார்.

"எங்க மெக்கானிக். இன்னைக்கு என் மானத்தைக் காப்பாத்தினவங்க" என்று மேனேஜர் தன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஒன்பது வயதுச் சட்டையின் காலரை நிமிர்த்திவிட்டுக்கொண்டு அக்கா உட்கார்ந்தார்.