லேடி டாக்டர் எப்ப வருவாங்க?

பிரசவ டாக்டர் கிளினிக்ல டோக்கன் போடுறது சுலபமான வேலைதான், அந்த டாக்டர் ஆம்பளையா இல்லாத வரைக்கும். எங்க டாக்டர் ஆம்பள. முதலியார்பேட்டையில போர்டுல பேரு பெருசாவே எழுதியிருக்கு. இருந்தாலும் உள்ள வந்து, செருப்பக் கழட்டி, ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்து, வேர்வை அடங்கின பிறகுதான் ஜனங்களுக்கு சந்தேகமே வரும். கவுண்டர்ல உட்கார்ந்து ஊரு வசவையெல்லாம் வாங்கிக் கட்டிக்கிற என் இனமே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

பெரிய மனசு

தட்டாஞ்சாவடியில லேத்துப் பட்டறை வச்சிருக்கிற ஒருத்தர், புது மாப்பிள்ள, பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வந்தாரு. "லேடி டாக்டர் எப்ப வருவாங்க?"ன்னு கேட்டாரு. இங்க ஆம்பள டாக்டர்தான் சார்னு சொன்னதும் ஆளுக்கு மூஞ்சி கறுத்துப் போச்சு. அந்தப் பொண்ணு பாவம், வாந்தி எடுத்து எடுத்து செவுத்துல சாஞ்சு கிடக்குது.

நர்ஸம்மா கூடவே இருப்பாங்க சார், பயப்படாதீங்கன்னு கெஞ்சாத குறையா சொன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சவரு, பெரிய மனசு பண்ணி ஒரு வழி சொன்னாரு: "ஒண்ணு பண்ணுங்க மேடம், டாக்டர் என்னை செக் பண்ணட்டும். அவளுக்கு நான் வீட்ல போய் சொல்லிக்கிறேன்."

மதாம் வந்தாங்க

பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து ரிட்டயரானவரோட சம்சாரம் ஒருத்தங்க. தெருவே அவங்கள மதாம்னுதான் கூப்பிடும். மருமகளோட வந்தாங்க. "எனக்கு மூணு பிரசவமும் பிரான்ஸ்லதான். மூணும் ஆம்பள டாக்டர்தான் பாத்தாரு, தங்கமான மனுஷன்"னாங்க. அப்பாடா, ஒருத்தராவது வந்தாங்களேன்னு எனக்கு ஒரே சந்தோஷம். அப்ப மருமகளுக்கு டோக்கன் போடட்டுமா மதாம்னு பேனாவ எடுத்தேன். பதறிப் போயிட்டாங்க. "ஐயையோ, அவன் வெள்ளைக்காரன்மா! உங்க டாக்டர ஞாயித்துக்கிழமை சர்ச் பூசையில நேருக்கு நேரா பாக்கணுமே!"

மீன்காரம்மா கேட்ட கேள்வி

இதுக்கு நடுவுல நானே மாசமானேன். முதல் தடவ மூணாம் மாசமே கலைஞ்சு போச்சு. அதனால இந்தத் தடவ பாத்ரூம் போறதுக்குக்கூட பயம். எனக்கு எங்க டாக்டர் மேல முழு நம்பிக்கை. என் மாமியாருக்கோ லேடி டாக்டர்தான் வேணும், இல்லன்னா வீடு ரெண்டாயிடும். இந்தப் புள்ளைய நல்லபடியா பெத்தெடுக்கணுமே, யாரு பேச்சக் கேக்கறதுன்னு ஓயாத கவலை.

அப்பதான் குப்பத்துலேர்ந்து மீன் விக்கிற அம்மா ஒருத்தங்க மகளோட வந்து என் வயித்தப் பாத்தாங்க. "ஆமா, நீ எந்த டாக்டர்கிட்ட காட்டற?"ன்னாங்க. ஹால்ல இருந்த அத்தன பேரும் என் பக்கம் திரும்பினாங்க. நாளைக்கு ஒரு லேடி டாக்டர்கிட்ட போறேன்மான்னு முணுமுணுத்தேன். அந்தம்மா மகள் கையப் புடிச்சு எழுப்பிட்டாங்க. "நான் விக்கிற மீன நானே ஆக்கித் தின்னலன்னா, எங்கிட்ட எவ வாங்குவா?"

அந்தப் பக்கத்து கிளினிக்

மறுநாள் மாமியார் என்னை லேடி டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போனாங்க. அங்க பாத்தா, எங்ககிட்டேர்ந்து ஓடிப்போன கூட்டம் பாதி உட்கார்ந்திருக்குது. லேத்துப் பட்டறைக்காரரு எழுந்தே நின்னுட்டாரு. "மேடம், நீங்களுமா!" மானம் போச்சு.

உள்ள போனதும் லேடி டாக்டர் நல்லா பரிசோதிச்சு, குழந்தையோட நெஞ்சுத் துடிப்பக் கேக்க வச்சாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. நான் எங்க வேல செய்யறேன்னு கேட்டாங்க. சொன்னேன். அந்தப் பேரக் கேட்டதும் மாமியார் மூஞ்சியத் தூக்கினாங்க, டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "அடப்பாவமே, என் ரெண்டு பசங்களையும் வெளிய எடுத்ததே உங்க டாக்டர்தாம்மா! அன்னிக்கு என் மாமியாரும் இதே மாதிரிதான் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாங்க."

ஆட்டோவுல பாதி தூரம் வந்த பிறகுதான் மாமியார் மெதுவா என் பக்கம் திரும்பினாங்க. "ஏம்மா, அங்க டோக்கன் குடுக்கறது நீதானே? நாளைக்கு முதல் டோக்கன உம்பேருக்குப் போட்டுடு."

இப்பவும் யாராவது வந்து லேடி டாக்டர் எப்ப வருவாங்கன்னு கேட்டா, எங்க டாக்டர் கையில பொறந்த என் பொண்ணு போட்டோவ அவங்க பக்கம் திருப்பி வச்சு, ஒரு இருபத்தஞ்சு வருஷம் ஆகும், இப்பதான் பல்லு முளைக்குதுன்னு சொல்லிட்டு டோக்கன நீட்டறேன்.