கோட்டுக்குள் போன தாலி

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி மாதம். திருச்சுழியில் ஒரு கல்யாண மண்டபத்தில் என் தம்பிக்குத் திருமணம். முகூர்த்தம் காலை ஏழரையிலிருந்து ஒன்பது. அந்தக் காலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடுகிறது.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளியில் டீச்சர். வகுப்பில் ஒரு பென்சில் காணாமல் போனாலும் அத்தனை பிள்ளைகளின் பையையும் தரையில் கொட்டச் சொல்கிற ரகம். வீட்டிலும் அதே அதிகாரம்தான். அப்பா காலமான பிறகு தம்பிக்கு எல்லாமே நான் என்று நானே முடிவுசெய்து கொண்டேன். பெண் பார்க்கப் போன இடத்தில் அவன் முதலில் பேசியதே, “எங்க அக்கா சொன்னா சரிதாங்க” என்பதுதான். பாவம், பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே ஒரு இடத்தில் நிச்சயம் வரை போய் நின்றுவிட்டது. அவள் மேல் ஒரு தப்பும் கிடையாது. ஆனாலும் எங்கள் உறவில் இரண்டு பேர், “ராசி எப்படியோ” என்று இழுத்தார்கள். நான்தான் சண்டை போட்டு அவர்கள் வாயை அடைத்தேன்.

எங்கள் பக்கமெல்லாம் தாலி கட்டும்போது மாப்பிள்ளை பட்டு வேட்டி சட்டையில்தான் இருப்பார். ஆனால் முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷனுக்குக் கோட் சூட் போடாவிட்டால் ஊர் ஒத்துக்கொள்ளாது. பெண் வீட்டார் தைத்துத் தருகிறோம் என்றார்கள். “ஒரு சாயங்காலத்துக்கு எதுக்கு? வாடகைக்கு எடுத்துக்குவோம்” என்று தம்பி சொல்லிவிட்டான். அருப்புக்கோட்டையில் கோட் சூட் வாடகைக்கு விடும் ஒரு பாய் கடைக்குப் போனோம்.

பாய் சாம்பல் நிறக் கோட் ஒன்றை எடுத்து விரித்தார். எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்குப் போய்ச் சாம்பலா என்றேன். அவர் அசரவில்லை.

“டீச்சரம்மா, இது ஒண்ணு இருந்தா எல்லா விசேஷத்துக்கும் ஆச்சு. ரிசப்ஷன்னா மெரூன் டையக் கட்டி, மேல் பாக்கெட்டுல அதே கலர் துணிய மடிச்சுச் சொருகணும். இன்டர்வியூன்னா வெள்ளைச் சட்டை, கருநீல டை, பாக்கெட்டுல ஒண்ணும் வெக்கக் கூடாது. கடை திறப்பு விழாவா, டையே வேணாம், மேல் பட்டனத் திறந்து விட்டுக்கலாம். பெல்ட்டும் ஷூவும் மட்டும் எப்பவும் ஒரே கலரா இருக்கணும். கறுப்பு நீலமெல்லாம் நம்ம வெயிலுக்குக் கசகசன்னு இருக்கும். இதப் போடச் சொல்லுங்க, ராசா மாதிரி இருப்பாக.”

போட்டுப் பார்த்தான். உண்மையிலேயே ராஜா மாதிரிதான் இருந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

ரிசப்ஷன் அன்று சாயங்காலம் திருச்சுழிக் கோயிலில் தாலியை வைத்து அர்ச்சனை செய்து வாங்கி வந்தேன். நாத்தனார் முடிச்சு போடப் போகிறவள் நான். தாலி என் பொறுப்பு. மஞ்சள் கயிற்றில் கோத்து, நகைக்கடையில் கொடுத்த உள்ளங்கையளவு வெல்வெட் பர்ஸில் வைத்து, அதை என் கைப்பையில் போட்டிருந்தேன்.

மறுநாள் விடிந்தது. ஆறு மணி வாக்கில் ஐயர், “தாலியைத் தட்டில் வையுங்கோ, எல்லாரும் தொட்டு ஆசீர்வாதம் பண்ணணும்” என்றார். கைப்பையைத் திறந்தேன். பர்ஸ் இல்லை.

பையைக் கவிழ்த்தேன். சாவிக்கொத்து, மாத்திரை, குங்குமச் சிமிழ், பஸ் டிக்கெட் எல்லாம் விழுந்தன. பர்ஸ் மட்டும் இல்லை. பெட்டியைக் கொட்டினேன், தலையணை உறையை உருவினேன். என் கணவர் சீர்வரிசைத் தட்டுகளுக்கு அடியில் குனிந்து தேடினார். 

முதல் நாள் நான் தலை பின்னிக்கொண்டபோது என் பை மணப்பெண் அறையில்தான் இருந்தது. அங்கே இருந்த ஒரே வெளியாள், மேக்கப் போட வந்த பெண். என் வயதுதான் இருக்கும். பந்தல்குடியிலிருந்து வந்திருந்தாள். அன்று காலையும் அவள்தான் மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தாள். நேராகப் போய் நின்றேன்.

“உன் பையக் கொஞ்சம் திற.”

அவள் என்னையே பார்த்தாள். பையைத் தரையில் கவிழ்த்தாள். பவுடர் டப்பா, பிரஷ், சீப்பு, ஹேர்பின், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட், ஒரு சின்னப் பிள்ளையின் காய்ச்சல் மருந்து. அவ்வளவுதான்.

“வேற எங்கயும் தேடணுமாக்கா?” என்று கேட்டாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னமும் தாங்கவில்லை. அப்போதோ, ஒரு மன்னிப்புக்கூடக் கேட்காமல் வெளியே வந்துவிட்டேன்.

வெளியே பெண்ணின் தாய்மாமா நின்றார். “ஏம்மா, தட்டுல இன்னும் தாலியக் காணமே?” என்றார். “வீட்டுல வெச்சுட்டு வந்துட்டோம் மாமா, எடுத்துட்டு வாராக” என்று கூசாமல் பொய் சொன்னேன்.

பத்து நிமிடம் கழித்து அந்த மேக்கப் பெண்ணே என்னைத் தேடி வந்தாள். கையில் செல்போன். முதல் நாள் தான் செய்த அலங்காரத்தை ஊருக்குக் காட்ட மேடையை வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். “இதப் பாருங்கக்கா” என்று நீட்டினாள்.

பார்த்தேன். மேடையில் குடும்பப் படம் எடுக்கிறார்கள். போட்டோகிராபர் என்னைப் பார்த்து, பையைக் கீழே வைக்கச் சொல்லிக் கை காட்டுகிறார். நான் பைக்குள்ளிருந்து எதையோ எடுக்கிறேன். பக்கத்தில் நிற்கும் தம்பியின் கோட்டை விலக்கி, உள் பாக்கெட்டில் செருகுகிறேன். கோட்டின் மேல் ஒரு தட்டும் தட்டிவிட்டுச் சிரிக்கிறேன்.

எல்லாம் ஞாபகம் வந்தது. பையைக் கீழே வைக்க மனம் வராமல், அஞ்சு நிமிஷம்தானே என்று செருகியது. அதற்குள் மதுரையிலிருந்து பெரியம்மா வந்து கட்டிக்கொண்டது. அப்படியே மறந்து தொலைத்தது. வேட்டி சட்டை மட்டுமே தெரிந்த எங்கள் வீட்டில் கோட்டுக்குள் ஒரு பாக்கெட் இருப்பதே என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. தம்பி பாவம், மாலையும் கூட்டமுமாக இருந்த வேளையில் கவனிக்கவில்லை. ரிசப்ஷன் முடிந்ததும் அவன் நண்பன் கோட்டைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிட்டான்.

பாய்க்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். 

“யா அல்லாஹ்! டீச்சரம்மா, அந்தக் கோட்டு இப்ப கடைல இல்லையே. ஒருத்தருக்கு மதுரைல துபாய்க் கம்பெனி இன்டர்வியூ. விடியக்காலைல நானே டை கட்டி அனுப்பி வெச்சேன். பஸ்ஸுல போய்க்கிட்டு இருப்பாரு. பிரஷ் போட்ட நானாச்சும் உள் பாக்கெட்டப் பாத்திருக்கணும். இருங்க, அவருக்கு அடிக்கிறேன்.”

ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார். ரிங் போகிறது, எடுக்கவில்லையாம். மறுபடி பத்து நிமிடம். எடுக்கவில்லை. மேளக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மணி ஏழைத் தாண்டிவிட்டது.

மண்டபத்தில் விஷயம் கசிந்துவிட்டது. ஒரு மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டித் தாலியாகக் கட்டலாம் என்றார் ஒருவர். “சாமி பாதத்துல வெச்ச தாலிய விட்டுட்டு மஞ்சளக் கட்டுனா என்ன சகுனம்யா இது?” என்று தாய்மாமா குதித்தார். அப்போதுதான் அது என் காதில் விழுந்தது. சொன்னது எங்கள் உறவுக்காரி ஒருத்திதான்.

“முன்னாடியும் நிச்சயத்தோட நின்னுச்சு. இப்பத் தாலியே காணாமப் போச்சு. அந்தப் புள்ள ராசி அப்படி.”

மணப்பெண் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. கேட்டுவிட்டாள். அழவில்லை. இது வரும் என்று தெரிந்தே காத்திருந்தவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவு அலங்காரத்தோடு ஒரு பெண் அப்படித் தலை குனிவதைப் பார்த்த பிறகு எனக்கு எப்படி இருக்கும்? தாலி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்தப் பழி அவள் காலத்துக்கும் கூடவே வரும். நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அவள் ராசி என்பார்கள். செய்தது நான்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடமும் என் மனதில் ஒரு மூலை, வாயை மூடிக்கொண்டு இரு, டீச்சர் என்ற பெயர் போய்விடும் என்றுதான் சொன்னது.

மேடைக்கு முன்னால் போய் நின்றேன். வகுப்பில் கத்துகிற அதே குரலில் கத்தினேன். “எல்லாரும் கொஞ்சம் கேளுங்க! தாலியத் தொலைச்சது நான். சாமி கும்பிட்டு வாங்கிட்டு வந்து, போட்டோவுக்கு நிக்கிற அவசரத்துல தம்பி கோட்டுல வெச்சு மறந்தவ நான். வீட்டுல இருக்குன்னு பொய் சொன்னதும் நான். ஒரு பாவமும் அறியாத இந்த மேக்கப் தங்கச்சி பையக் கொட்டச் சொன்னதும் நான்தான். யாராச்சும் ராசி கீசின்னு பேசணும்னா என் ராசியப் பேசுங்க. அந்தப் புள்ளய ஒரு வார்த்த சொன்னா நடக்கிறதே வேற!”

தாய்மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “சரி, உக்காரும்மா. கெடைக்கும்” என்றார். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சிறிது நேரத்தில் போன் அடித்தது. பாய்தான். “டீச்சரம்மா, கெடைச்சிருச்சு! அவுகளே பேசுனாக!”

நடந்தது இதுதான். இன்டர்வியூவுக்குப் போகிறோமே என்று அந்த மனிதர் போன் சத்தத்தை அப்போதே அடக்கி வைத்திருக்கிறார். காரியாபட்டி தாண்டும் சமயத்தில் பேனாவை வைக்க உள் பாக்கெட்டில் கை விட்டிருக்கிறார். கையில் பர்ஸ் தட்டுப்பட்டது. திறந்தால் மஞ்சள் கயிறு. பாய் அடித்ததை அவர் பார்க்கவே இல்லை. யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிரே வந்த அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டார். ஏறிய பிறகுதான் பாய்க்குப் போன் பண்ணி, “இன்னைக்கு முகூர்த்த நாள் பாய், யாரோ தவிச்சுக்கிட்டு இருப்பாக” என்றிருக்கிறார்.

கார் அனுப்பவா என்று கேட்டேன். “அது வந்து போறதுக்குள்ள நானே கூட்டிட்டு வாரேன்” என்று பாய் வைத்துவிட்டார்.

எட்டு மணி. எட்டேகால். ஐயர் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். தம்பி மணையில் உட்கார்ந்து ஹோமப் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். புகைதானா என்று எனக்குத் தெரியவில்லை.

எட்டரைக்கு வாசலில் பாயின் ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னால், சாம்பல் நிறக் கோட்டும் கருநீல டையுமாக, தலைமுடியெல்லாம் புழுதியாக, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர். ஒரு கையில் சர்டிபிகேட் பை. இன்னொரு கையால் நெஞ்சைப் பொத்திக்கொண்டு வந்தார். பர்ஸை எடுத்து என் இரண்டு கையிலும் வைத்து, “சரியா இருக்கான்னு பாத்துக்கங்கம்மா” என்றார். கும்பிட்டேன்.

எட்டே முக்காலுக்குத் தம்பி தாலியைக் கழுத்தில் வைத்து முதல் முடிச்சுப் போட்டான். மீதி இரண்டு முடிச்சையும் நான் அவசர அவசரமாகப் போட்டேன். மணப்பெண் தலையை லேசாகத் திருப்பி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “மெதுவாப் போடுங்க மதினி, நான் எங்கயும் ஓடிற மாட்டேன்” என்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு.

திரும்பிப் பார்த்தால் அந்த மனிதர் மதுரைக்கு அடுத்த பஸ் எப்போது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு இன்டர்வியூ. போன தடவை அரைக்கைச் சட்டையில் போனதால் பார்த்ததுமே கூலி வேலை லிஸ்டில் சேர்த்துவிட்டார்களாம்; சூப்பர்வைசர் வேலைக்காகத்தான் இந்தத் தடவை கோட்.

“ஸ்கூட்டர்ல வந்ததுல சட்டை காலரெல்லாம் செம்மண்ணாப் போச்சே” என்று பாய் பதறினார். என் கணவர் சாப்பாட்டுப் பந்திக்கு மாற்ற வைத்திருந்த புது வெள்ளைச் சட்டையைக் கொடுத்தார். பாய் கீழே குனிந்து பார்த்து, “கறுப்பு ஷூவுக்குப் பிரவுன் பெல்ட்டா? விடியக்காலை இருட்டுல இதக் கவனிக்காம விட்டுட்டேனே” என்று தலையில் அடித்துக்கொண்டார். தம்பி முதல் நாள் அதே கோட்டோடு கட்டியிருந்த கறுப்பு பெல்ட்டை எடுத்துவரச் சொன்னான். மேக்கப் பெண் தன் பிரஷ்ஷால் கோட்டின் தோளைத் துடைத்து, சீப்பால் தலையை வாரிவிட்டாள். ஐந்தே நிமிடத்தில் ஆள் தயார். வாசலில் நின்ற ஒரே கார் மாப்பிள்ளைக் கார்தான். பூவைப் பிரிக்க நேரமில்லை. ரோஜாப்பூ ஆட ஆட, மாப்பிள்ளை மாதிரியே மதுரைக்குப் போனார்.

சாயங்காலம் அவரே போன் செய்து, “எல்லாம் நல்லா முடிஞ்சதும்மா, பொண்ணு மாப்பிள்ளைய நல்லா இருக்கச் சொல்லுங்க” என்றார். நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆறு மாதம் கழித்து வேறொரு வேலையாகப் பாய் கடைக்குப் போனபோதுதான் அவர் வாய் தவறிச் சொன்னார். அன்றைக்கு அந்த மனிதர் மதுரைக்குப் போய்ச் சேருவதற்குள் சூப்பர்வைசர் லிஸ்ட் முடிந்துவிட்டதாம். எங்கள் மனது கஷ்டப்படக் கூடாது என்று மறைத்துவிட்டார். பிறகு வேறொரு கம்பெனி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், தம்பி அந்தக் கோட்டைப் பாயிடம் கேட்டு வாங்கி, அவர் அளவுக்குத் தைக்கச் சொல்லிக் கொடுத்தான். அதைப் போட்டுக்கொண்டுதான் போனார். இந்தத் தடவை கிடைத்துவிட்டது. இப்போது துபாயில் இருக்கிறார்.

அந்த மேக்கப் பெண் எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் வருகிறாள். என்னைப் பார்த்ததும் பையை நீட்டி, “தேடிப் பாக்குறீங்களாக்கா?” என்று சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். உள்ளுக்குள் ஒரு குத்து குத்தத்தான் செய்கிறது.

இப்போதும் வகுப்பில் பென்சில் காணாமல் போகிறது. எந்தப் பிள்ளையின் பையையும் நான் கொட்டச் சொல்வதில்லை. தொலைத்த பிள்ளையைக் கூப்பிட்டு, “முதல்ல உன் பாக்கெட்டப் பாரு கண்ணு” என்று சொல்லும்போதெல்லாம், கோட்டைத் தட்டிச் சிரித்த என் கைதான் எனக்குத் தெரிகிறது.